ஒரே எண்ணில் இரண்டு அச்சுகள்: ஏலத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு வண்ணப் புகைப்படம்

ஏல நிறுவனம் ஒன்றின் புகைப்படப் பிரிவில் பட்டியல் எழுதுவது என் வேலை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன, யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது என்று நான்கைந்து வரி எழுதுவேன். அப்படி நான் எழுதிய ஓர் உருப்படியைப் பட்டியல் அச்சாகி வெளியே போன பிறகு ஏலத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. அதன் கதைதான் இது. தொடர்புடைய எல்லோருடைய பெயர்களையும் விட்டிருக்கிறேன். படத்தை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

படம் 1990களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்டது. ஆளில்லாத ஒரு பெரிய அரங்கம், வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், உயரம் 1.6 மீட்டர். வணிகத்தில் சி-பிரிண்ட் என்று சொல்லப்படும் வண்ண வேதி அச்சு. அதன் முகப்பில் தெளிந்த அக்ரிலிக் தகடு சிலிக்கோன் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது, முதுகில் அலுமினியத் தகடு. டயாசெக் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் முறை இது. தோமஸ் ருஃப், ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி போன்ற ஜெர்மானியக் கலைஞர்கள் 1980களிலிருந்து இதைப் பெரிய படங்களுக்குப் பயன்படுத்தியதும், பெரிய புகைப்படம் என்றாலே இப்படித்தான் பளபளக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒட்டியபின் படத்தை அக்ரிலிக்கிலிருந்து சேதமின்றிப் பிரிக்க முடியாது. முகப்பில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் அது படத்தின் கீறல்தான்.

இந்தப் படத்துக்கு 6 அச்சுகள் கொண்ட பதிப்பு, அதற்கு மேல் கலைஞரே வைத்துக்கொள்ளும் 2 பிரதிகள். எங்களிடம் வந்தது மூன்றாம் எண்: 3/6. சட்டகத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் தலைப்பு, படம் எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, எண், கலைஞரின் கையெழுத்து எல்லாம் முறையாக இருந்தன.

இந்த வியாபாரத்தில் இல்லாதவர்களுக்காக ஒன்று. குர்ஸ்கியின் ‘ரைன் 2’ என்ற படத்தின் ஓர் அச்சு 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 43 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பதிப்பிலும் 6 அச்சுகள்தான். வேறு அச்சுகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் லண்டனின் டேட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அதே காட்சியைப் புத்தகத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுப்பவர் காட்சிக்காகக் கொடுப்பதில்லை. இத்தனையில் ஒன்று என்று கலைஞர் ஒப்புக்கொண்ட அந்தக் குறிப்பிட்ட தாளுக்காகக் கொடுக்கிறார். எண் என்பது ஓர் அலங்காரம் அல்ல, அதுதான் சரக்கு.

படத்தைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எழுபதைத் தாண்டியவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகரிடமிருந்து வாங்கியிருந்தார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார், அதில் “3/6” என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வணிகருக்கு முன்னால் படம் ஒரு நிறுவனத்தின் கலைத் தொகுப்பில் இருந்தது. நிறுவனம் மூடப்பட்டபோது மேசை, நாற்காலி, படங்கள் எல்லாம் மொத்தமாக விற்கப்பட்டன. கைமாறிய வரலாற்றில் இடைவெளி எதுவும் இல்லை. இதே பதிப்பின் வேறு இரண்டு அச்சுகள் ஏற்கெனவே ஏலத்தில் விற்றிருந்ததால் மதிப்பீடு போடுவதும் எளிதாக இருந்தது. கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பின்னாளில் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சட்டகத்தைக் கழற்றியபோது

ஏலத்துக்கு பதினொரு வாரம் இருந்தபோது நிலை அறிக்கைக்காகப் படத்தை மேசையில் கிடத்தினோம். கீழே இடது மூலையில் கட்டைவிரல் நகமளவு ஒரு வெள்ளி மினுக்கம் தெரிந்தது. அந்த இடத்தில் சிலிக்கோன் பிடிவிட்டு, படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே காற்று புகுந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லிய துடைப்புக் கீறல்கள் சில தெரிந்தன. இந்த வயதுப் படத்தில் இவையெல்லாம் வழக்கமானவை.

வழக்கமில்லாத ஒன்று சட்டகத்தின் முன்விளிம்பை எடுத்தபோது கண்ணில் பட்டது. படம் வெள்ளை ஓரமின்றி விளிம்புவரை அச்சிடப்பட்டிருந்ததால், சட்டகத்தின் உதடு நாற்புறமும் 6 மில்லிமீட்டர் காட்சியை மறைத்திருந்தது. வெளிச்சமே படாத அந்தப் பட்டையில் நாற்காலிகள் உறைந்த ரத்தத்தின் அடர்சிவப்பில் இருந்தன. பட்டைக்கு இந்தப் பக்கம் அதே நாற்காலியின் மீதிப் பகுதி பழைய செங்கல் நிறம். நடுவில் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. அதுவரை நாங்கள் அழகான மந்தச் சிவப்பு என்று பேசிக்கொண்டிருந்தது கலைஞர் தேர்ந்த நிறமே அல்ல.

வண்ண வேதி அச்சில் நிறம் என்பது தாளின் மேல் படர்ந்த மூன்று சாய அடுக்குகள்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு (மெஜந்தா), மஞ்சள். வெளிச்சத்தில் இவை ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. கருஞ்சிவப்புச் சாயம் முந்திக்கொண்டால் சிவப்பு நாற்காலி செங்கல்லாகும். படத்தை மொத்தமாகப் பார்க்கும்போது எல்லாம் சேர்ந்தே மாறியிருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. ஒப்பிட ஒரு மூலை கிடைத்தால்தான் தெரியும். அந்த அளவு வெளிறல் ஒரு வீட்டுச் சுவரில் எட்டு ஆண்டில் வந்திருக்க வாய்ப்பில்லை. பெரிய ஜன்னல் ஒன்றின் எதிரே பல ஆண்டுகள் தொங்கியிருக்க வேண்டும். நிறுவனத்தின் கூட்ட அறையில் இருந்தது என்ற தகவலோடு இது பொருந்தியது. அத்தோடு எங்கள் ஆர்வம் நின்றுவிட்டது. இத்தனை வெளிறிய படத்தை வைத்துக்கொண்டு அந்த நிறுவனம் என்னதான் செய்தது என்ற அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் முடிவு

பட்டியல் அச்சுக்குப் போக ஐந்து வாரம் இருந்தது. பதிப்பு விவரங்களை உறுதிசெய்யும்படி கலைஞரின் ஸ்டூடியோவுக்கு எழுதியிருந்தோம், பதில் வரவில்லை. ஸ்டூடியோக்கள் தாமதிப்பது புதிதல்ல. பதில் வரும்வரை நிறுத்திவைப்பதா, பட்டியலில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பதா என்று பேசினோம். சேர்ப்பது என்று முடிவானது. கையெழுத்திட்ட சீட்டு இருக்கிறது, ரசீது இருக்கிறது, கைமாறிய வரலாறு இருக்கிறது, இதே ஸ்டூடியோவின் பழைய படங்களில் சிக்கல் வந்ததில்லை. இவைதான் காரணங்கள். ஏலத்தின் முக்கியப் படங்களில் ஒன்றாக இது இருக்கும் என்ற ஆசையும் ஒரு காரணம். அன்றைய கூட்டக் குறிப்பில் அது இல்லை.

மதிப்பீட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். விற்கும் குறைந்தபட்ச விலையையும் அதற்கேற்பத் தாழ்த்தும்படி உரிமையாளரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. பட்டியலில் “நிறத்தில் சற்று மாற்றம் உண்டு” என்று நான் எழுதினேன். அந்த “சற்று” என் கைவண்ணம். முழு நிலை அறிக்கையில் 6 மில்லிமீட்டர் பட்டையின் படமே இருந்தது, உண்மைதான். ஆனால் பட்டியலைப் புரட்டுகிறவர்களில் எத்தனை பேர் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்டூடியோவின் பதில்

ஏலத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது பதில் வந்தது. இரண்டே வரிகள். 3/6 எண்ணுள்ள அச்சு வேறொரு தனியார் தொகுப்பில் இருக்கிறது, நீங்கள் பட்டியலில் காட்டியிருப்பது எது என்று தெரிவிக்கவும்.

முதலில் எல்லோருக்கும் போலி என்றுதான் தோன்றியது. ஸ்டூடியோவின் கோப்பிலிருந்து அடுத்த நாள் வந்த கடிதங்கள் வேறு கதை சொல்லின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நிறுவனம், படம் வெளிறிவிட்டது என்று ஸ்டூடியோவிடம் முறையிட்டிருக்கிறது. செலவை நிறுவனமே ஏற்க, ஸ்டூடியோ புதிய அச்சு ஒன்றை எடுத்து, அதே 3/6 எண்ணையும் புதிய சீட்டையும் கொடுத்திருக்கிறது. பழைய அச்சை அழித்து, அழித்ததற்குச் சான்றாகப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனம் மூடப்படுவதற்கு முன்பே புதிய அச்சு நல்ல விலைக்குத் தனியாக விற்கப்பட்டுவிட்டது.

சான்றுப் புகைப்படமும் கோப்பில் இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தோம். தரையில் ஓர் அலுமினியத் தகடு, குறுக்கே ரம்பத்தால் அறுக்கப்பட்டு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. தெரிவது முதுகு மட்டும். முகப்பு தெரியவில்லை, சீட்டும் தெரியவில்லை. எல்லா அலுமினிய முதுகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அறுபட்டது எந்தத் தகடு என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. சட்டகப் பட்டறையில் கெட்டுப்போன வேறொரு தகட்டை அறுத்துப் படம் எடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மோசடி என்று நான் நினைக்கவில்லை. அத்தனை பெரிய, அத்தனை விலையுள்ள ஒன்றின்மேல் ரம்பத்தை வைக்க யாரோ ஒருவருக்கு மனம் வரவில்லை. படம் கிடங்கில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. பிறகு மேசை நாற்காலியோடு விற்பனைக்குப் போனது.

நம் கையில் இருப்பது பழைய அச்சுதான் என்று உறுதிசெய்ய ஒரு சோதனை போதுமாக இருந்தது. புதிய அச்சு நிறமி மை கொண்டு இங்க்ஜெட்டில் எடுக்கப்பட்டது. அதைப் பெரிதாக்கினால் நுண்ணிய மைப்புள்ளிகளின் தூவல் தெரியும். வேதி அச்சில் புள்ளி இருக்காது, மேகம்போல ஒன்றோடொன்று கரையும் சாயத் திட்டுகள்தான் இருக்கும். சாதாரண உருப்பெருக்கி அக்ரிலிக்கின் தடிமனைத் தாண்டிக் குவியவில்லை. பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடமிருந்து தூரக் குவியம் உள்ள கைநுண்ணோக்கியை இரவல் வாங்கினோம். திரையில் தெரிந்தவை மேகங்கள்.

மறு அச்சு தவறா?

இந்த இடத்தில் எங்கள் குழுவிலேயே கருத்து பிரிந்தது. உண்மையான அச்சு எது? கலைஞர் அன்று கையெழுத்திட்டு, இருபது ஆண்டுக் காலத்தின் தழும்போடு இருக்கும் தாளா, பின்னால் வேறு மையில் எடுத்த புதிய தாளா? மூத்த சக ஊழியர் ஒருவர் பழையதுதான் என்று கடைசிவரை வாதிட்டார். வெள்ளி உப்புகளைக் கொண்டு எடுத்த பழைய கறுப்பு வெள்ளை அச்சுகளைச் சேகரிப்பவர்களின் மனம் அப்படித்தான் போகும். கலைஞரின் காலத்தில் எடுத்த முதல் அச்சுக்குத்தான் அங்கே மதிப்பு.

சமகால வண்ணப் படங்களில் நிலைமை வேறு. சாயம் வெளிறும் என்பது தெரிந்தே இருப்பதால் மறு அச்சு என்பது பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இப்படிப்பட்ட மாற்றுப் பிரதிகளைப் பற்றி முடிவெடுக்கவே 2008இல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. எண்ணிக்கையை மாற்றாத வரைதான் மறு அச்சுக்கு மரியாதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதியில், கலைஞரின் மேற்பார்வையில் அச்சிட்டு, கையெழுத்தும் எண்ணும் இட்டு, எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்கு மிகாமல் இருந்தால்தான் புகைப்படம் கலைப்படைப்பாகக் கருதப்படும். அங்கே எண்ணிக்கை சட்டத்தின் அளவுகோல்.

நீதிமன்றம் எப்போதும் வாங்கியவர் பக்கம் நிற்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. அமெரிக்க வண்ணப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் 36 படங்கள் 2012 மார்ச்சில் பெரிய அளவு இங்க்ஜெட் அச்சுகளாக விற்பனைக்கு வந்து சுமார் 59 லட்சம் டாலர் ஈட்டியபோது, அவருடைய பழைய அச்சுகளைச் சேகரித்திருந்த ஜானதன் சோபல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அளவும் முறையும் மாறியதால் அது புதிய பதிப்பு, பழைய பதிப்பின் எண்ணிக்கை மீறப்படவில்லை என்பதே அதன் சாரம். எங்கள் கையிலிருந்த விவகாரம் அதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. இங்கே பதிப்பும் ஒன்று, எண்ணும் ஒன்று. தாள் மட்டும் இரண்டு.

இரண்டாம் முடிவு

மூன்று வழிகள் மேசைமேல் இருந்தன. எல்லா விவரத்தையும் வெளிப்படையாக எழுதி, புதியது எடுக்கப்பட்டுவிட்ட பழைய அச்சு என்றே விற்பது முதல் வழி. மூத்த ஊழியர் இதைத்தான் சொன்னார், விலை அடிமட்டத்துக்குப் போனாலும் நேர்மையான விற்பனை என்றார். நான் எதிர்த்தேன். நாங்கள் எழுதும் குறிப்பு எங்கள் ஏலத்தோடு முடிந்துவிடும். அடுத்த கை மாறும்போது குறிப்பு உதிர்ந்துவிடும், கையெழுத்துச் சீட்டு மட்டும் மிஞ்சும். இந்தப் படம் எங்களிடம் வந்ததே அப்படித்தானே? ஸ்டூடியோ பழைய அச்சைத் தன் படைப்பாக அங்கீகரிக்க மறுத்ததும் அந்த வழி அடைபட்டது.

சர்ச்சை தீரும்வரை அடுத்த ஏலத்துக்குத் தள்ளிவைப்பது இரண்டாவது வழி. தீர்வதற்கு அங்கே சர்ச்சை ஏதும் இருக்கவில்லை. ஆகவே மூன்றாவது வழி: விலக்குதல்.

உரிமையாளரிடம் நேரில் சொல்வது என்று தீர்மானித்தோம். வந்தவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கையெழுத்து அவருடையதா, இல்லையா?”

“அவருடையதுதான், ஐயா.”

“சீட்டு உண்மையானதா?”

“ஆமாம்.”

“அப்படியென்றால் நான் எட்டு வருடமாகச் சுவரில் மாட்டி வைத்திருந்தது என்ன?”

என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. தாள் உங்களுடையது, எண் உங்களுடையது அல்ல என்று சொன்னேன். சரியான பதில்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

விலக்கு அறிவிப்பின் வாசகத்துக்கு ஒரு முழு மாலை செலவானது. போலி என்ற சொல்லின் நிழல்கூட விழக் கூடாது. அது பொய், உரிமையாளருக்கு அநியாயம், புதிய 3/6ஐ வைத்திருப்பவருக்கும் கேடு. பதிப்பு விவரங்கள் குறித்த ஆவணங்கள் முழுமையாகாததால் உருப்படி விலக்கப்படுகிறது என்று எழுதினோம். உரிமையாளரிடம் விலக்குக் கட்டணம் வாங்கவில்லை. நிலை அறிக்கை கேட்டிருந்த இருவருக்கு மட்டும் தொலைபேசியில் தகவல் சொன்னோம்.

பிறகு நடந்தவை

உரிமையாளர் தமக்கு விற்ற வணிகரிடம் போனார். ரசீதில் 3/6 என்று எழுதியிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஏழு மாதம் இழுபறிக்குப் பின் வணிகர் வாங்கிய விலையைத் திருப்பித் தந்தார், வட்டி இல்லை. அவருக்கு மேலே கேட்க ஆளில்லை, விற்ற நிறுவனமே இப்போது இல்லை. அந்த ஏழு மாதமும் படம் எங்கள் கிடங்கில், முன்பு நின்ற மாதிரியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது.

ஸ்டூடியோ தன் சார்பில் ஒருவரை அனுப்பிச் சீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டது. அழித்துவிட வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். நட்டமடைந்த வணிகர் அதற்குச் சம்மதிக்கவில்லை. கடைசியில் புகைப்படப் பாதுகாப்புக் கற்பிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் பாடப்பொருளாகக் கொடுப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். “ஆய்வு மாதிரி, விற்பனைக்கு அல்ல” என்று அலுமினிய முதுகில் பொறித்தோம். தாளில் எழுதி ஒட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. பட்டை தெரியும்படி சட்டகமில்லாமலே அனுப்பினோம்.

இப்போது மாற்றிச் செய்வது

பதிப்பு எண்ணை ஸ்டூடியோவோ, அதன் கேலரியோ எழுத்தில் உறுதிசெய்யும்வரை மதிப்பீடே சொல்வதில்லை. இதனால் ஓரிரு நல்ல படங்கள் வேறு ஏல நிறுவனங்களுக்குப் போய்விட்டன, போகட்டும். கேள்வியின் வாசகமும் மாறியது. இந்த எண் உங்களுடையதா என்று முன்பு கேட்போம். இந்த எண் எப்போதாவது மறுபடி அச்சிடப்பட்டதா, அப்படியானால் எந்த முறையில், பழையது என்னவாயிற்று என்று இப்போது கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஆம் என்ற பதில் இந்தப் படத்துக்கும் வந்திருக்கும்.

பெரிய வண்ணப் படம் எதுவானாலும் சட்டகத்தைக் கழற்றிய பிறகே உரிமையாளருடன் ஒப்பந்தம். ஓரத்துக்கும் நடுவுக்கும் நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால், பழைய உரிமையாளர் எவராவது மாற்று அச்சு கேட்டிருப்பாரா என்று தேடுகிறோம். அத்தனை வெளிறலை ஒரு நிறுவனம் பேசாமல் பொறுத்துக்கொள்வதுதான் அபூர்வம். “சற்று” என்ற சொல்லை நிலைக் குறிப்பில் நான் பயன்படுத்துவதில்லை.

அழிப்புச் சான்று விஷயத்தில் எங்களால் கேட்க மட்டுமே முடியும். அறுபட்ட அச்சின் முகப்பும் சீட்டும் ஒரே புகைப்படத்தில் தெரிய வேண்டும் என்று ஸ்டூடியோக்களுக்கு எழுதுகிறோம். சென்ற ஏலத்துக்கு வந்த வேறொரு கலைஞரின் படத்துக்கு இப்படிக் கேட்டபோது, அதன் பழைய அச்சு முறைப்படி அழிக்கப்பட்டது என்று பதில் வந்தது. கூடவே ஒரு புகைப்படம்: தரையில் ஓர் அலுமினியத் தகடு, இரண்டு துண்டாக, முதுகு மேலே தெரிய.